ஃபேன் வாயிலிருந்து டக்ட் எடுக்கும் முறை

அட்டன், நுவரெலியாப் பக்கம் டக்ட் (காற்றைக் கொண்டுபோகும் தகரக் குழாய்) வேலைக்கு வரும் தம்பிமாரிடம் நான் முதலில் சொல்வது, ஏ.எச்.யூ. எனும் ஏசி காற்று மெஷினின் ஃபேன் வாயிலேயே எல்போவை (வளைவுத் துண்டை) மாட்டாதீர்கள் என்பதுதான். இங்கே பழைய பங்களாக்களை ஹோட்டலாக்கும்போது மெஷினுக்கு மிஞ்சுவது கூரைக்கடியில் ஒரு மூலை. இடமில்லை, அங்கேயே திருப்பு என்பார்கள். மெஷினைத் திருப்பி வைக்க வழியுண்டா என்று கேட்டுப் பாருங்கள். பலவேளை உண்டு.

ஃபேன் சக்கரம் தள்ளும் காற்று வாயை நிறைத்து வருவதில்லை. வளைவில் ஓடைத் தண்ணீர் வெளிக்கரையை அரித்துப் போவதுபோல, ஃபேன் உறைக்குள் அதன் வெளிச்சுவரை ஒட்டியே வரும். டக்ட் மாட்டுமுன் ஒரு குச்சி நுனியில் ரிப்பன் கட்டி, வாய்க்கு வெளியே எட்ட நின்று பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் விறைத்துப் பறக்கும். மறுபக்கம் துவண்டு தொங்கும். காற்று சமமாகப் பரவ நேர் டக்ட் வேண்டும். காற்றின் வேகம் செக்கனுக்கு 12.5 மீற்றருக்குள் என்றால், டக்டின் விட்டத்தைப்போல் 2.5 மடங்கு நீளம். 500க்கு 500 மி.மீ. வாய்க்கு, அதே பரப்புள்ள வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 565; ஆகவே 1.4 மீற்றர். வேகம் 12.5ஐத் தாண்டினால், கூடும் ஒவ்வொரு 5 மீற்றருக்கும் இன்னுமொரு விட்டம் சேருங்கள். எல்போ தவிர்க்கவே முடியாவிட்டால், சக்கரம் சுழலும் திசைக்கே அதுவும் திரும்பட்டும். உள்ளே வேன் (காற்றைத் திருப்பும் வளைந்த தகடுகள்) போடுங்கள். வாயை அகலப்படுத்துவதானால் ஒரு பக்கம் 100 மி.மீ. விரிய 400 மி.மீ. நீளம் கொடுங்கள்.

ஃபேனையும் டக்டையும் இணைக்கும் கன்வஸ் துணி அதிர்வைத் தடுக்கத்தான். கோணலை மறைக்க அதை இழுத்துக் கட்டுவது எனக்குப் பிடிக்காத வேலை. டக்டைத் தனி ராட்டில் (இரும்புக் கம்பியில்) தொங்கவிட்டு, ஃபேன் வாய்க்கு நேர்கோட்டில் நிறுத்திய பிறகே கன்வஸைப் பிடியுங்கள். ஸ்பிரிங்கில் நிற்கும் ஃபேன் ஸ்டார்ட்டாகும்போது சற்றுச் சாயும். அதற்குக் கொஞ்சம் தளர்வு வேண்டும். உறிஞ்சும் பக்கத்தில் தளர்வைக் குறையுங்கள், இல்லையேல் கன்வஸ் உள்வாங்கி வழியைச் சுருக்கும். வெளியே நிற்கும் மெஷினுக்கு எங்கள் பனியும் மழையும் சாதாரணத் துணியை உக்கவைத்துவிடும். வெயிலும் மழையும் தாங்கும் செயற்கை ரப்பர் பூசிய துணியைக் கேட்டு வாங்கி, மேலே தகரக் கூரையும் போடுங்கள்.

சீல் பண்ணுமுன் சுழற்சித் திசையைப் பாருங்கள். திரீ ஃபேஸ் மோட்டாரின் வயர்கள் இடம் மாறி ஃபேன் எதிர்த்திசையில் சுழன்றாலும் காற்றை வெளியேதான் ஊதும், ஆனால் காற்று குறைவாக வரும். அதை டக்டின் குற்றமென்று தேடி அலைய வேண்டிவரும்.

ஃபேனின் பிரஷர் (காற்றழுத்தம்) அளக்கும்போது உயரத்தையும் கணக்கில் எடுங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர். ஒரே வெப்பநிலையில் காற்றின் அடர்த்தி கொழும்பில் இருப்பதில் சுமார் 80 வீதம்தான். கடல் மட்டக் கணக்கில் எழுதிய கேட்டலொக்கில் 500 பாஸ்கல் என்றிருந்தால், அதே வேகத்தில் அதே அளவு காற்றுக்கு இங்கே 400 அளவில் காட்டும். அதற்காக பெல்ட்டையோ புல்லியையோ மாற்றப் போகாதீர்கள்.