சபைக்குள் நாமே வளர்த்துவிடும் தவறுகள்

சபை நலிந்தால் கள்ளப் போதனைதான் காரணமாக இருக்கும் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அப்படியும் நடக்கிறது. ஆனால் உபதேசத்தில் பழுது சொல்ல முடியாத சபைகளும் உள்ளுக்குள் நொடிந்துபோகின்றன. அவற்றின் கதையைக் கேட்டுப் பார்த்தால், பலர் சுமக்க வேண்டியதை யாரோ ஒருவர் சுமந்திருப்பார். பலர் அறிய வேண்டியது யாரோ ஒருவருக்கு மட்டும் தெரிந்திருக்கும். இது கெட்ட எண்ணத்தில் தொடங்குவது அபூர்வம். பெரும்பாலும் வைராக்கியத்தில்தான் தொடங்குகிறது.

குறை சொல்கிறவரைக் கலகக்காரராக்குவது

எருசலேம் சபை பெருகிய நாட்களில், கிரேக்க மொழி பேசிய யூத விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது உணவுப் பங்கீட்டில், விடுபட்டுப் போகிறார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில் இதை வாசிக்கிறோம். இன்றைய பல சபைகளில் இதற்கு என்ன பதில் கிடைத்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல: “சபையின் ஐக்கியத்தைக் குலைக்காதீர்கள், ஜெபியுங்கள்.” பன்னிரு அப்போஸ்தலரும் அப்படிச் சொல்லவில்லை. பந்தி விசாரணையையும் தங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளவில்லை. சபையாரை வரவழைத்து, நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறைபட்ட தரப்பின் கையிலேயே பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. எத்தனை சபைக் குழுக்களுக்கு இந்தத் துணிவு வரும்?

முறையீட்டைக் கேட்க ஒரு வழி இல்லாத சபையில் முறையீடுகள் இல்லாமல் போவதில்லை. அவை ஆராதனை முடிந்த பிறகு வாசலில் பேசப்படும். அதன்பின் சிலர் வருவதே நின்றுவிடும்.

எல்லாவற்றையும் போதகரே செய்வது

காலைமுதல் சாயங்காலம்வரை ஜனங்களுக்கு நியாயம் விசாரித்துக்கொண்டிருந்த மோசேயிடம் அவருடைய மாமன் எத்திரோ, “நீர் செய்கிற காரியம் நல்லதல்ல” என்றார். நீரும் தொய்ந்துபோவீர், உம்மோடிருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். இதில் இரண்டாவது பாதியை நாம் கவனிப்பதில்லை. ஒரே ஆள் எல்லாம் செய்யும் இடத்தில் அவர் மட்டும் களைப்பதில்லை, காத்திருக்கிறவர்களும் களைக்கிறார்கள். எத்திரோவின் யோசனைப்படி ஆயிரம் பேருக்கும், நூறு பேருக்கும், ஐம்பது பேருக்கும், பத்துப் பேருக்கும் தலைவர்கள் வைக்கப்பட்டார்கள். பெரிய காரியங்கள் மட்டுமே மோசேயிடம் வந்தன.

போதகர் வராவிட்டால் ஜெபக் கூட்டம் நடக்காது, அவர் கேட்காவிட்டால் நோயாளியை யாரும் போய்ப் பார்க்கமாட்டார்கள் என்றால், அதை அவருடைய அர்ப்பணிப்பு என்று புகழ்வதை நிறுத்த வேண்டும். பரிசுத்தவான்கள், அதாவது விசுவாசிகள், ஊழியம் செய்யும்படி அவர்களைச் சீர்ப்படுத்தவே மேய்ப்பரும் போதகரும் கொடுக்கப்பட்டார்கள் என்கிறது எபேசியர் 4. ஊழியத்தைச் செய்ய வேண்டியது சபையார். அவர்கள் பார்வையாளராகவே இருந்து பழகிவிட்டால், பிறகு பிரசங்கத்துக்கு மதிப்பெண் போடுவதுதான் அவர்களுக்கு மிச்சமிருக்கும் வேலை.

மறுபக்கமும் உண்டு. ஓய்வு எடுக்கும் ஊழியரைச் சோம்பேறி என்று பார்க்கும் பழக்கம் சபையாரிடம் இருக்கிறது. சோர்ந்துபோய்ச் சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்ட தீர்க்கதரிசி எலியாவுக்குத் தேவன் கொடுத்தது முதலில் தூக்கமும் ஆகாரமும். “இங்கே உனக்கு என்ன காரியம்?” என்ற கேள்வி பிறகுதான் வந்தது.

அவசரமாகப் பதவி கொடுப்பது

மனந்திரும்பிய சில மாதங்களில் ஒருவருக்கு ஒலிவாங்கி கொடுக்கப்படுகிறது. அவர் ஏற்கெனவே பெயர் பெற்றவர் என்றால் இன்னும் விரைவாகவே கொடுக்கப்படுகிறது. கண்காணி (சபையை மேற்பார்க்கிறவர்) நூதன சீஷனாக, அதாவது புதிய விசுவாசியாக, இருக்கக்கூடாது, அவன் இறுமாப்படைவான் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார். ஒருவன்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வையாதே, அதாவது அவசரமாய் ஊழியத்துக்கு நியமிக்காதே, என்றும் அதே நிருபத்தில் எழுதினார். வரம் சீக்கிரம் வெளிப்படும். குணம் வெளிப்பட நாளாகும். இந்த இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளாத சபை, இளம் விசுவாசியைத்தான் முதலில் காயப்படுத்துகிறது. அதே வேளையில், ஒருமுறை தவறியவரை என்றென்றும் ஓரங்கட்டுவதும் தவறுதான். முந்தைய ஊழியப் பயணத்தில் பம்பிலியாவில் தங்களை விட்டுப்போன மாற்கை மறுபடி அழைத்துச் செல்லப் பவுல் மறுத்தார். அதனாலேயே பவுலும் பர்னபாவும் பிரிந்தார்கள். பிற்காலத்தில் அதே பவுல், மாற்கு ஊழியத்தில் தமக்குப் பிரயோஜனமானவன், அவனை அழைத்துவா என்று எழுதினார்.

நம்பிக்கை இருப்பதால் கணக்கு வேண்டாம் என்பது

இதில்தான் நல்ல மனிதர்களும் வழுக்கிவிடுகிறார்கள். எருசலேம் பரிசுத்தவான்களுக்காகச் சேர்ந்த காணிக்கையைப் பவுல் தனியாக எடுத்துச் செல்ல ஒப்பவில்லை. தீத்துவோடு, சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்ட வேறொரு சகோதரனையும் அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்று 2 கொரிந்தியர் 8இல் காரணமும் சொல்கிறார். அப்போஸ்தலருக்கே சாட்சிகள் தேவைப்பட்டார்கள் என்றால், “எங்கள் போதகரைச் சந்தேகிக்கிறீர்களா?” என்ற கேள்விக்கு இடமே இல்லை. கணக்கு கேட்பது போதகருக்கும் பாதுகாப்பு.

ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் காணிக்கையை எண்ணி அன்றே எழுதி வைக்க வேண்டும். வங்கிக் கணக்கு தனிநபர் பெயரில் இருக்கக்கூடாது. பணம் எடுக்க இரண்டு கையொப்பம் வேண்டும். ஆண்டுக் கணக்கை வெளி ஆள் ஒருவர் தணிக்கை செய்து சபையார் முன் வாசிக்க வேண்டும். இவ்வளவுதான். இதற்குப் பெரிய சபையாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

1948இல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் அமெரிக்கச் சுவிசேஷகர் பில்லி கிரஹாமும் உடன் ஊழியரும் உட்கார்ந்து, சுவிசேஷகர்கள் எங்கே விழுகிறார்கள் என்று யோசித்துச் சில தீர்மானங்களுக்கு வந்தார்கள். பணம், பாலியல் ஒழுக்கம், உள்ளூர்ச் சபைகளைத் தாழ்த்திப் பேசுவது ஆகியவற்றோடு, கூட்டத்தின் எண்ணிக்கையை மிகைப்படுத்துவதும் அதில் இடம்பெற்றது. எண்ணிக்கையில் பொய் சொல்வதைப் பணத்தில் பொய் சொல்வதோடு சேர்த்துப் பார்த்தது சரியே.

எண்ணிக்கை பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் சங்கத்தார், கட்டடக் கடனை அடைக்க ஏறத்தாழப் பன்னிருவருக்கு ஒருவர் எனப் பொறுப்பு கொடுத்து, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வாங்க ஏற்பாடு செய்தார்கள். வாங்கப் போனவர்களுக்குச் சில வீடுகளின் உண்மை நிலை தெரியவந்தது. ஞாயிற்றுக்கிழமை தலைகளை எண்ணியபோது தெரியாத விஷயங்கள் அவை. கடனுக்காக ஏற்பட்ட அந்தக் குழுக்களே பின்பு மெதடிஸ்டுகளின் ஆத்தும விசாரணைக்கு, அதாவது ஆவிக்குரிய கவனிப்புக்கு, அடித்தளமாயின.

சண்டையை மேடைக்குக் கொண்டுவருவது

குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் பேசு, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரை அழைத்துப் போ, அதன்பின் சபைக்குத் தெரியப்படுத்து: மத்தேயு 18இன் வரிசை இது. நடைமுறையில் வரிசை தலைகீழாகிறது. முதலில் ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஊரெல்லாம் தெரிகிறது; பிறகு பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் குத்தப்படுகிறது; சம்பந்தப்பட்டவர் கடைசியில் கேள்விப்படுகிறார்.

ஆனால் இந்த வசனத்தை எடுக்கக்கூடாத இடமும் உண்டு. ஒரு பிள்ளையோ பெண்ணோ துன்புறுத்தப்பட்டதாகச் சொன்னால், “அவரிடம் தனியாகப் பேசினாயா?” என்று கேட்பது கொடுமை. அது குற்றம், காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சபையின் நற்பெயரைக் காப்பாற்ற மூடி மறைத்த சபைகள் பலியானவர்களையும் இழந்தன, நற்பெயரையும் இழந்தன. ஞாயிறு பள்ளியிலும் முகாமிலும் எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனித்திருக்காதபடி எப்போதும் இருவராக நியமிப்பதைத் தொடக்கத்திலேயே விதியாக்கிவிடுங்கள்.

பொன்மோதிரம் போட்டவருக்கு முன் இருக்கையும் ஏழைக்குப் பாதபடியும் தருவதைப் பற்றி யாக்கோபு எழுதியதற்கு மேல் நான் எதுவும் எழுத வேண்டியதில்லை. குழுத் தேர்தலில் மட்டும் அதை நினைவில் வைத்தால் போதும்.

விலகத் தெரியாமல் இருப்பது

பவுல் எபேசுவில் மூன்று வருஷம் உழைத்தவர். மிலேத்துவுக்கு அந்தச் சபையின் மூப்பர்களை வரவழைத்து, இனி என் முகத்தைப் பார்க்கமாட்டீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்லி மந்தையை ஒப்படைத்தார். ஒருவரிடம் அல்ல, மூப்பர்களிடம். இன்று போதகர் ஓய்வு பெறுவதைப் பற்றிப் பேசுவதே அவமரியாதை என்று கருதப்படுவதால், அவர் நோயுற்ற பிறகுதான் யாருக்கு என்ன தெரியும் என்ற கேள்வியே எழுகிறது. ஆவணங்கள், சொத்துப் பத்திரங்கள், வீடு வீடாக யாருக்கு என்ன கவனிப்பு தேவை என்ற குறிப்புகள் எல்லாம் அவர் நலமாக இருக்கும்போதே மூப்பர் குழுவிடம் இருக்க வேண்டும். பொறுப்பைக் கொடுத்த பிறகு, பழகிய குடும்பங்கள் திருமணத்துக்கோ அடக்க ஆராதனைக்கோ அழைத்தாலும், முந்தைய போதகர் புதியவரைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதிருப்பது நல்லது. முதல் ஓராண்டாவது அவர் வேறு சபையில் ஆராதிப்பது இன்னும் நல்லது.