தேசித் துளிரில் வெள்ளிக் கோடு: மருந்தடிக்க முன் நாம் விடும் பிழைகள்

மாரி தொடங்கி இரண்டு மூன்று மழை விழுந்ததும் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வளவுகளில் நிற்கும் தேசி மரங்கள் ஒரேயடியாகத் துளிர்க்கும். கொஞ்ச நாளில் அந்தத் துளிர்களில் நத்தை ஊர்ந்த தடம்போல வெள்ளிக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடும், இலையும் சுருண்டுவிடும். "தேசிக்கு வைரஸ் பிடிச்சிட்டுது" என்று உடனே சொல்லிவிடுகிறோம். முதல் பிழை அதுதான். இலையின் தோலுக்குக் கீழே ஒரு புழு வழி தோண்டித் தின்றுகொண்டிருக்கிறது.

அது ஒரு சிறு அந்துப்பூச்சியின் புழு. இந்தப் பூச்சிக்கு 1856இல் ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் பிலோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்று பெயர் வைத்தார். சிறகை விரித்தாலும் சுமார் 4 மில்லிமீற்றர்தான் இருக்கும். வெள்ளிநிற முன்சிறகின் நுனியில் ஒரு கறுப்புப் புள்ளி. தாய்ப்பூச்சி இரவில் பறந்து, இளம் இலையில் நடுநரம்புக்குக் கிட்ட முட்டை இடும். முற்றிய இலையை அது தேடுவதில்லை. புழு ஒரே இலைக்குள் வளர்ந்து, கடைசியில் இலை விளிம்பைப் பட்டுநூலால் மடித்து அதற்குள் கூட்டுப்புழுவாகும். தேசியோடு தோடை, நாரத்தை, வில்வம் ஆகியவற்றின் துளிர்களும் அதற்கு உணவு.

இரண்டாவது பிழையை நானே செய்திருக்கிறேன். கோடு விழுந்த இலைகள் எல்லாவற்றையும் வெட்டி எரித்தேன். மரம் தேறட்டும் என்று யூரியாவும் போட்டேன். மரம் தேறியது, ஆனால் முன்பைவிட அதிகமாகத் துளிர்த்தது. அந்தத் துளிர் முழுவதும் அடுத்த தலைமுறைப் புழுக்களுக்குப் பந்தி வைத்ததுபோல் ஆகிவிட்டது. கோடு விழுந்த இலையிலும் பச்சையாக இருக்கிற பகுதி மரத்துக்குச் சாப்பாடு செய்துகொண்டுதான் இருக்கும். நாலு ஐந்து வருடம் கடந்த மரம் இந்தச் சேதத்தைத் தாங்கிக்கொள்ளும். கவலைப்பட வேண்டியது நட்டுக் கொஞ்ச நாளான கன்றுகளைப் பற்றித்தான். யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் சிறுகச் சிறுகப் பிரித்துப் போடுங்கள்.

அப்புறம் மருந்து. கடையில் போய் "இலை சுருளுது" என்று சொன்னால் ஏதோ ஒரு போத்தலைத் தந்துவிடுவார்கள். நானும் அப்படி வாங்கி மூன்று தடவை அடித்தேன். புழு இலைத்தோலுக்குள் இருப்பதால் மேலே பட்டுக் காய்கிற மருந்து அதை எட்டுவதில்லை. வெளியே திரிந்த சிறு ஒட்டுண்ணிக் குளவிகள்தான் செத்தன. அந்தக் குளவிகள் சுரங்கத்தைத் தேடிப்பிடித்துப் புழுவின் மேல் முட்டை இடுகின்றன, குளவிக்குஞ்சு புழுவையே தின்று வளர்கிறது. இவற்றின் பலத்தை நம் தென்னைகளே கண்டிருக்கின்றன. 1970களின் தொடக்கத்தில் இலங்கைக்குள் புகுந்த தென்னை இலைச்சுரங்க வண்டை அடக்கியது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு சிறு குளவிதான். வேப்பெண்ணெய் அடிப்பதென்றால் துளிர் வெளிப்பட்ட உடனே, கோடு விழ முன்பே, பின்னேரத்தில் அடியுங்கள். கோடு விழுந்த பிறகு அடிப்பதில் பெரிய பயன் இல்லை. பூத்து நிற்கும் மரத்துக்கு எந்த மருந்தும் வேண்டாம், தேனீ வருகிற நேரம் அது.

கோடு போடுகிறதெல்லாம் அந்துப்பூச்சி என்று நினைப்பது இன்னொரு பிழை. களுதாவளைப் பக்கம் மணல் தோட்டங்களில் பயிற்றை, தக்காளி, பூசணி இலைகளில் நெளிந்து ஓடும் கோடு பெரும்பாலும் ஒரு சிறு ஈயின் புழு போட்டது. இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். தேசி இலையில் புழுவின் கழிவு நடுவில் ஒரே கறுப்புக் கோடாக ஓடும், ஈப்புழுவின் கழிவு இரு ஓரமும் மாறி மாறித் துண்டு துண்டாகக் கிடக்கும். வளர்ந்த ஈப்புழு அனேகமாக இலையை விட்டு மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். மஞ்சள் ஒட்டும் அட்டை அந்த ஈக்கு உதவும். தேசி மரத்தில் அதைத் தொங்கவிட்டால் நமக்கு வேண்டிய குளவிகளும் ஒட்டிச் சாகும்.

கச்சானில் வேறு கதை. அங்கே புழு சின்ன வயதில் மட்டும் சுரங்கத்துக்குள் இருக்கும், பிறகு வெளியே வந்து சிற்றிலைகளை நூலால் சேர்த்துக் கட்டி உள்ளிருந்து தின்னும். மரமுந்திரிகையின் இளம் இலையில் சுரங்கங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து சாம்பல் கொப்புளமாகி, காய்ந்து, முற்றிய இலையில் ஓட்டையாக நிற்கும். ஓட்டையைக் கண்ட பிறகு மருந்தடிப்பவர்கள் உண்டு. புழு எப்போதோ போய்விட்டது.

பூச்சியின் படத்தை மட்டும் யாருக்கும் அனுப்பி "இது என்ன?" என்று கேட்காதீர்கள். அவ்வளவு சின்னப் பூச்சியைப் படத்தில் இனம்பிரிப்பது கடினம். எந்தச் செடி, இளம் இலையா முற்றியதா, இலையின் எந்தப் பக்கம், கோடா கொப்புளமா என்று எழுதுங்கள். இரு பக்கத்தையும் படம் எடுங்கள். விவசாயப் போதனாசிரியரிடம் காட்டப் போனாலும் ஒரு கொப்போடு கொண்டுபோங்கள்.

யார் வெளியே வருகிறார் என்று பார்க்க ஆசைப்பட்டால், இலையைப் பறித்து பொலித்தீன் பையில் கட்டிவைக்காதீர்கள், ஓரிரு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். மரத்திலேயே இருக்க விட்டு, மெல்லிய வலைத்துணியைச் சுற்றிக் கட்டுங்கள். ஒரு மாதம் மட்டும் பொறுத்துப் பாருங்கள். வெளியே வருவது அந்துப்பூச்சியாக இருக்கலாம். எறும்பைவிடச் சின்னக் குளவி ஒன்று வந்தால், துணியை அவிழ்த்து அதைப் போகவிடுங்கள்.