டெஸ்க்டாப்பிலிருந்து பாதுகாப்பு மென்பொருளுக்கு: எதை, எந்த வரிசையில் கற்பது

வலைத்தளத்தில் பிழை வந்தால் சர்வரில் திருத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். டெஸ்க்டாப் மென்பொருளில் அந்த வசதி கிடையாது. நீங்கள் வெளியிட்ட பதிப்பு யாரோ ஒருவருடைய கணினியில், இடமே இல்லாத டிஸ்க்கில், பழைய பிரிண்டர் டிரைவரோடும் இன்னொரு ஆன்டிவைரஸோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். போய் எட்டிப் பார்க்க முடியாது. அது விட்டுச்செல்லும் தடயத்தை வைத்து என்ன நடந்தது என்று கண்டுபிடிப்பதுதான் இந்தத் துறையில் சம்பளம் வாங்கித் தரும் திறமை. நிரல் எழுதுவது அதற்கு அடுத்தபடிதான்.

சி, சி++ இரண்டும் கைவசம் இருக்க வேண்டும். ரஸ்ட் தெரிந்தால் நல்லது. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தயாரிப்புகளில் பெரும்பகுதி சி++தான், அதைப் படிக்கத் தெரியாமல் உள்ளே நுழைவது கடினம். இங்கே விண்டோஸை மையமாக வைத்துச் சொல்கிறோம்.

முதல் பயிற்சி: கோப்புக் கண்காணிப்பான்

எடுத்த எடுப்பில் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் குதிக்காதீர்கள். ஒரு ஃபோல்டரில் உள்ள கோப்புகளின் ஷா-256 ஹேஷ் மதிப்பைச் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) சேமித்து, ஏதாவது மாறினால் எச்சரிக்கும் ஒரு மென்பொருளை எழுதுங்கள். பின்னணியில் ஒரு சர்வீஸ், முன்னால் ஒரு சிறிய ஜன்னல், எல்லாவற்றையும் நிறுவ ஓர் இன்ஸ்டாலர். கேட்க எளிதாக இருக்கும். எழுதும்போதுதான் ஒவ்வொன்றாகக் கிளம்பும்.

ஃபோல்டர் மாற்றங்களைத் தெரிவிக்கும் விண்டோஸ் அழைப்புக்கு நீங்கள் ஒரு பஃபர் (தற்காலிக நினைவக இடம்) தருவீர்கள். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான கோப்புகள் மாறினால் அது நிரம்பிவிடும். அப்போது அழைப்பு வெற்றி என்றே திரும்பும், கிடைத்த பைட் எண்ணிக்கை மட்டும் 0 என்று இருக்கும். அதைக் கவனித்து முழு ஃபோல்டரையும் மறுபடி ஸ்கேன் செய்யாவிட்டால் மாற்றங்கள் சத்தமில்லாமல் தொலைந்துபோகும். 260 எழுத்தைத் தாண்டும் கோப்புப் பாதைகள் இன்னொரு பொறி. ஹேஷ் கணக்கை ஜன்னலை இயக்கும் யூஐ த்ரெட்டிலேயே போட்டால், 5 விநாடி செய்தி எதையும் எடுக்காத ஜன்னலைப் 'பதிலளிக்கவில்லை' என்று விண்டோஸ் முத்திரை குத்திவிடும்.

விஸ்டா முதல் சர்வீஸ்கள் தனி செஷனில் ஓடுகின்றன, அவற்றால் பயனரின் திரையில் ஜன்னல் காட்ட முடியாது. ஆகவே சர்வீஸுக்கும் ஜன்னலுக்கும் இடையே நேம்டு பைப் (இரண்டு ப்ராசஸ்கள் பேசிக்கொள்ளும் வழி) தேவைப்படும். பாதுகாப்புப் பாடம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. சர்வீஸ், கணினியில் ஏறக்குறைய எதையும் செய்யவல்ல சிஸ்டம் உரிமையோடு ஓடுகிறது, பைப்பின் மறுமுனையில் இருப்பவர் சாதாரணப் பயனர். 'இந்தப் பாதையில் உள்ள கோப்பை அழி' என்ற கட்டளையை உங்கள் சர்வீஸ் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றால், எந்தக் கோப்பையும் அழிக்கும் அதிகாரத்தை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். பாதையைச் சரிபார்த்தது போதாது. சரிபார்த்த கணத்துக்கும் அழிக்கும் கணத்துக்கும் நடுவே அந்த ஃபோல்டரை வேறிடத்தைக் காட்டும் ஒரு லிங்க்காக மாற்றிவிட முடியும். கோப்பை ஒரு முறை திறந்து, அப்போது கிடைக்கும் ஹேண்டிலில் (திறந்த கோப்பைக் குறிக்கும் பிடி) சோதித்து, அதே ஹேண்டிலில் அழிக்க வேண்டும்.

டம்ப் படிப்பது

டம்ப் என்பது கிராஷ் ஆன கணத்தில் நினைவகத்தில் இருந்ததைச் சேமித்த கோப்பு. அதைப் படிக்க, ஒவ்வொரு பில்டின் பிடிபி கோப்பையும் (ஃபங்ஷன் பெயர்களும் வரி எண்களும் இருப்பது) அதன் பைனரியோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். அதே சோர்ஸிலிருந்து பிறகு மறுபடி பில்ட் செய்துகொள்ளலாம் என்று நினைத்தால், அடையாள எண் பொருந்தாமல் டீபக்கர் அதை ஏற்க மறுக்கும்.

மைக்ரோசாஃப்டின் டீபக்கரான விண்டீபக்கின் தானியங்கி அலசல் ஒரு தொடக்கம் மட்டுமே. அது கிராஷ் நடந்த இடத்தைக் காட்டும், குற்றவாளி பெரும்பாலும் வேறிடத்தில் இருப்பான். ஹீப்பில் (ஓடும்போது நிரல் கேட்டு வாங்கும் நினைவகம்) யாரோ பஃபரைத் தாண்டி எழுதியிருப்பார்கள், பத்து நிமிடம் கழித்து அப்பாவி ஃபங்ஷன் ஒன்று விழும். பேஜ் ஹீப் என்ற சோதனை வசதியின் முழு வடிவத்தை இயக்கினால் ஒவ்வொரு நினைவகத் துண்டின் முடிவிலும் தொட முடியாத ஒரு பக்கம் வைக்கப்படும், தாண்டி எழுதிய அந்த நொடியிலேயே கையும் களவுமாகப் பிடிபடும். நினைவகத்தை எக்கச்சக்கமாக விழுங்கும் என்பதால் சோதனைக் கணினியில் மட்டும்.

கர்னலுக்குள்

கர்னல் வேலையைச் சொந்தக் கணினியில் செய்யாதீர்கள். ஸ்னாப்ஷாட் எடுத்த விர்ச்சுவல் மெஷின், அதில் டெஸ்ட் சைனிங் (சோதனைக் கையொப்பமிட்ட டிரைவரை ஏற்கும் நிலை) இயக்கம், வெளியிலிருந்து நெட்வொர்க் வழியாக விண்டீபக். மைக்ரோசாஃப்ட் தரும் டிரைவர் மாதிரிகளில் 'பாஸ்த்ரூ'வைப் படித்துவிட்டு 'ஸ்கேனர்' மினிஃபில்டருக்குப் (கோப்புச் செயல்களை இடைமறிக்கும் டிரைவர்) போங்கள். ஆன்டிவைரஸின் எலும்புக்கூடு அதில் இருக்கிறது: கோப்பு திறக்கப்படும்போது தடுத்து, சர்வீஸிடம் கேட்டு, பதிலைப் பொறுத்து அனுமதிப்பது. சோதிக்க நிஜ வைரஸ் வேண்டாம், 68 எழுத்துகள் கொண்ட ஐகார் சோதனைக் கோப்பு போதும்.

புதியவர்கள் எல்லோரும் விழும் குழி டெட்லாக். ஸ்கேன் செய்ய சர்வீஸ் ஒரு கோப்பைத் திறக்கும், உங்கள் ஃபில்டர் அதையும் தடுத்து அதே சர்வீஸிடம் கேட்கும், சர்வீஸின் த்ரெட்கள் எல்லாம் தங்களுக்காகத் தாங்களே காத்துக்கிடக்கும். கணினி உறைந்துவிடும், டம்ப்கூட விழாது. சர்வீஸின் ப்ராசஸை விலக்குப் பட்டியலில் வையுங்கள், கேள்வி அனுப்பும்போது காலக்கெடு வையுங்கள். விலக்கைப் ப்ராசஸ் பெயரை வைத்துத் தரக் கூடாது, அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஐஆர்க்யூஎல், அதாவது ப்ராசஸரில் ஓடும் வேலையின் முன்னுரிமை நிலை. டிஸ்பாட்ச் லெவல் என்ற உயர்ந்த நிலையில் ஓடும்போது, டிஸ்க்குக்கு அனுப்பப்பட்டுவிட்ட நினைவகப் பக்கத்தைத் தொட்டால் நீலத்திரை. உங்கள் கணினியில் ரேம் தாராளமாக இருக்கும், பக்கம் எப்போதும் உள்ளேயே இருக்கும், பிழை தலைகாட்டாது. வாடிக்கையாளர் கணினியில்தான் வெடிக்கும். மறைந்திருக்கும் பிழைகளை வலிந்து வெளிக்கொணரும் டிரைவர் வெரிஃபையரை முதல் நாளிலிருந்தே இயக்கி வைக்கச் சொல்வது இதனால்தான். 64 பிட் கர்னலில் ஒரு த்ரெட்டுக்குக் கிடைப்பது 24 கேபி ஸ்டாக் (ஃபங்ஷன்களின் தற்காலிக மாறிகள் இருக்கும் இடம்), அதை மற்ற டிரைவர்களோடு பகிர்ந்துகொள்கிறீர்கள். பாதைப் பெயருக்கு ஸ்டாக்கில் பெரிய அர்ரே போடும் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட வேண்டும்.

கர்னல் டிரைவரைப் பொதுமக்களுக்கு வெளியிட இவி சான்றிதழோடு (நிறுவனத்தின் அடையாளத்தைக் கூடுதலாகச் சரிபார்த்துத் தருவது) மைக்ரோசாஃப்ட் போர்ட்டலில் பதிந்து கையொப்பம் வாங்க வேண்டும். தனிநபர் பயிற்சிக்கு அது தேவையில்லை.

விழும்போது எப்படி விழுவது

2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. டிரைவர் மாறவில்லை, அது படிக்கும் தரவுக் கோப்புதான் மாறியது. வரையறையில் 21 உள்ளீடுகள், நிரல் தந்ததோ 20. இல்லாத 21ஆவதைப் படிக்கப்போய் எல்லை தாண்டியது. எனவே நீங்களே தயாரித்த தரவுக் கோப்பையும் எதிரி அனுப்பியதைப் போலவே சோதியுங்கள். அதைப் பிரிக்கும் நிரலை யூசர் மோடில் (கர்னலுக்கு வெளியே) தனியாக பில்ட் செய்து, தாறுமாறான தரவைக் கொடுத்துச் சோதிக்கும் லிப்ஃபஸ்ஸரிடம் கொடுங்கள். அப்டேட்டை முதலில் 1 சதவீதத்துக்கு அனுப்பிப் பாருங்கள். தொடர்ந்து சில முறை பூட் முடியாமல் போனால் டிரைவர் தானே ஒதுங்கிக்கொள்ள ஓர் எண்ணியும் வையுங்கள்.

மேக்கில் 2019இல் வந்த கேட்டலினா முதல் எண்ட்பாயின்ட் செக்யூரிட்டி (கர்னலுக்கு வெளியே இருந்தே கண்காணிக்க ஆப்பிள் தரும் ஏற்பாடு) வழிதான் சரியான வழி. ஆப்பிளிடம் தனி அனுமதி வாங்க வேண்டும், கேள்விக்குக் கெடுவுக்குள் பதில் தராத மென்பொருளை இயங்குதளம் நிறுத்திவிடும். லினக்ஸில் இதே வேலைக்கு ஃபேன்நோட்டிஃபை (கோப்பு நிகழ்வுகளுக்கு), ஈபிபிஎஃப் (கர்னலுக்குள் சரிபார்த்து ஓட்டும் சிறு நிரல்களுக்கு).

வேலை தேடும்போது

ரெஸ்யூமில் மொழிப் பட்டியலைவிட, மேலே சொன்ன கண்காணிப்பான் எடைகூடியது. அதன் ரீட்மீ கோப்பில் எதை அது தடுக்காது என்றும் எழுதுங்கள், நேர்காணலில் பேச்சு அங்கிருந்துதான் நீளும். 'உங்கள் ஃபில்டரால் கம்பைல் மும்மடங்கு மெதுவாகிறது, என்ன செய்வீர்கள்?' என்ற வகைக் கேள்விக்குத் தயாராக இருங்கள். ஒரு முறை சுத்தம் எனத் தெரிந்த கோப்பின் முடிவை அதன் அடையாள எண்ணோடு சேமித்து, யாராவது அதில் எழுதியதும் நீக்குவது என்று தொடங்கலாம். எழுதும் ஹேண்டில் மூடப்படும் முன்பே இன்னொருவர் திறந்தால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வியாக வரும்.

மூன்று, நான்கு ஆண்டுகளில் பாதை பிரியும்: டிரைவர், ரிவர்ஸ் இன்ஜினியரிங், இன்ஸ்டாலரும் அப்டேட்டும். மூன்றாவதை யாரும் விரும்பி எடுப்பதில்லை. 2025 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டுக்கு முன் எம்எஸ்ஐ (விண்டோஸ் இன்ஸ்டாலர் கோப்பு) ரிப்பேரை சாதாரணப் பயனரே அட்மின் அனுமதியின்றித் தொடங்க முடிந்தது, அதற்குள் இருக்கும் கஸ்டம் ஆக்‌ஷன் (நிறுவலின்போது ஓடும் தனி நிரல்) சிஸ்டம் உரிமையோடு ஓடலாம். உரிமை உயர்வுத் தாக்குதல்கள் இங்கே அடிக்கடி அகப்படுகின்றன. இதை ஒழுங்காகக் கற்றவர்கள் குறைவு, போட்டியும் குறைவு.