பிஜிஎம்ஐ-க்குப் புதியவரா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

லீவு விட்டதும், போனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டான பிஜிஎம்ஐ-யில் எங்கள் ஸ்குவாடில் (சேர்ந்து ஆடும் அணி) புதுப் பையன்கள் வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் நாங்கள் எல்லோரும் செய்ததையே அச்சு மாறாமல் செய்கிறார்கள். ஹெட்செட் போடு, சும்மா சும்மா ரீலோட் பண்ணாதே மாதிரி விஷயங்களை விட்டுவிடுகிறேன், அதெல்லாம் ஆடஆடத் தானாக வந்துவிடும்.

விழுந்தவனைத் தூக்க ஓடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். ஸ்குவாடில் ஒருவன் நாக் ஆனால், அதாவது அடிபட்டு விழுந்தால், உடனே சாக மாட்டான். தவழ்ந்துகொண்டிருப்பான், உயிர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அவனைத் தூக்கிவிட, அதாவது ரிவைவ் பண்ண 10 வினாடி ஆகும், அவ்வளவு நேரமும் நீங்கள் குனிந்த இடத்திலேயே, சுட முடியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். விவரமான எதிரி விழுந்தவனை முடிக்கவே மாட்டான். ஸ்கோப்பை அங்கேயே வைத்துக்கொண்டு, தூக்க வருகிறவனுக்காகக் காத்திருப்பான்.

போன வாரம் எராங்கல் மேப்பில், போச்சின்கி ஊரை ஒட்டிய வயல்வெளியில் இதுதான் நடந்தது. உள்ளே இருக்க வேண்டிய பாதுகாப்பு வட்டம் சுருங்கிவிட்டது, நாங்கள் நான்கு பேரும் உயிரோடு இருக்கிறோம். தம்பி ஒருவன் ரோட்டைக் கடக்கும்போது விழுந்தான். விழுந்ததிலிருந்து மைக்கில் "அண்ணா தூக்குங்க, தூக்குங்க" என்று ஒரே கத்தல். எந்தப் பக்கமிருந்து அடித்தார்கள், எத்தனை பேர், ஒரு வார்த்தை இல்லை. பக்கத்தில் இருந்தவன் நேராக ஓடினான், உட்கார்ந்தான், அவனும் விழுந்தான், கடைசியில் இரண்டு பேரையும் சேர்த்து முடித்துவிட்டார்கள். அப்புறம் ஓடினவனுடைய கிரேட்டை (செத்தவன் சாமான் இருக்கும் பெட்டி) திறந்து பார்த்தால் உள்ளே மூன்று ஸ்மோக், அதாவது புகைக் குண்டு, அப்படியே கிடக்கிறது!

விழுந்தவனுக்கு முதல் வேலை கத்துவது இல்லை, திசை சொல்வது. மேலே திசைகாட்டியில் தெரியும் எண்ணைப் படித்து "240, மாடி வீடு" என்று சொன்னால் போதும். அடுத்தது, மரமோ சுவரோ இருக்கும் பக்கம் தவழ்வது. தூக்கப் போகிறவர் ஸ்மோக்கை விழுந்தவன் தலைமேல் போடாமல், அவனுக்கும் எதிரிக்கும் நடுவில் போட வேண்டும், புகை நன்றாகப் பரவும் வரை கவரை விட்டு நகரக் கூடாது. இதற்குள் மூன்றாமவன் அந்த மாடி வீட்டைப் பார்த்து விடாமல் சுட்டால், எதிரி தலையைத் தூக்க யோசிப்பான். இவ்வளவும் செய்ய வழியில்லையா, விட்டுவிடுங்கள். கல்நெஞ்சம் என்று யாராவது திட்டினாலும் பரவாயில்லை. ஏனென்றால் நிற்கிற கடைசி ஆள் விழுந்த நொடியே தவழ்ந்துகொண்டிருப்பவர்களும் சேர்ந்து செத்து, மொத்த ஸ்குவாடும் ஆட்டம் முடிந்து லாபிக்குப் போய்விடும். இன்னொன்று, தூக்கிவிட்டவன் அதே ஆட்டத்தில் மறுபடி நாக் ஆனால் முன்பைவிட வேகமாக உயிர் இறங்கும்.

கிரேட் ஆசை

நீங்கள் சுட்டவன் நாக் ஆகித் தவழ்ந்தால் அவன் கூட்டாளி ஒருவனாவது இன்னும் நின்றுகொண்டிருக்கிறான். தவழாமல் ஒரேயடியாகச் செத்தால், அவன் ஸ்குவாடில் நிற்கிற ஆள் யாரும் இல்லை. இது தெரியாமல், எதிரி தவழும்போதே அவன் சாமானை லூட் எடுக்க ஓடுகிறார்கள்.

புல்லில் படுப்பது

தூரத்தில் இருப்பவன் திரையில் அந்தப் புல்லே வராது. வெட்டவெளியில் படுத்திருக்கிறீர்கள்.

ஜோன்

மேப்பை அடிக்கடி பாருங்கள். வட்டத்துக்கு வெளியே நின்றால் உயிர் இறங்கும், வட்டம் போகப் போக இன்னும் வேகமாக. முதல் வட்டத்தில் வெளியே நின்று தப்பித்த தைரியத்தில் ஐந்தாவது வட்டத்திலும் நிற்காதீர்கள்.

எனர்ஜி டிரிங்க்கைத் தூக்கிப் போடுவது

பையில் 5.56 குண்டுக்கு இடம் வேண்டும் என்று முதலில் கீழே போடுவது இதைத்தான். ஃபர்ஸ்ட் எய்ட் எத்தனை போட்டாலும் உயிர் நூற்றுக்கு 75-க்கு மேல் ஏறாது. முழுசாக ஏற்ற மெட்கிட் வேண்டும், அது எப்போதும் கிடைக்காது. மீதியை மெல்ல நிரப்புவது டிரிங்க்கும் பெயின்கில்லரும்தான், அவை தரும் பூஸ்ட் நன்றாக ஏறினால் ஓட்டத்திலும் வேகம் கூடும். ரிவைவ் ஆகி எழுகிறவனுக்கு உயிர் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அவனுக்குக் கொடுக்க உங்களிடம் குறைந்தது இரண்டு டிரிங்க் இருக்கட்டும்.