தொற்று பரவும் காலத்தில் ஆம்புலன்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோடு, மலப்புறம் பகுதிகளில் நிப்பா வைரஸ் பரவியபோது, பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அது மருத்துவமனையில்தான் தொற்றியது. என்ன நோய் என்று கண்டுபிடிப்பதற்குள் பரவிவிட்டது. ஆம்புலன்ஸ் குழுவுக்கும் "வெறும் காய்ச்சல்தான்" என்று ஏற்றிக்கொள்ளும் நோயாளியிடமிருந்தே ஆபத்து அதிகம்.

அதனால் முதல் தவறு போனிலேயே நடக்கிறது. முகவரி கேட்டதும் வண்டியை அனுப்பிவிடுகிறார்கள். காய்ச்சல் இருக்கிறதா, இருமலா, உடம்பில் கொப்புளம் உண்டா, வீட்டில் வேறு யாருக்காவது இப்படியா? இதைக் கேட்க அரை நிமிடம் போதும். பதில் வண்டிக்கு உடனே போக வேண்டும். நோயாளி வீட்டு வாசலில் நின்றுகொண்டு கவச உடை தேடக் கூடாது.

உடையை மாட்டுவதைவிடக் கழற்றும்போதுதான் பலர் தொற்றை வாங்கிக்கொள்கிறார்கள். வியர்வை தாங்காமல் மாஸ்க்கை முதலில் உருவுவார்கள். அது கடைசியில்தான் வர வேண்டும். முதலில் கையுறை, பிறகு கண்ணாடி, அடுத்து கவுன். அதை உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டிக் கழற்ற வேண்டும். N95 மாஸ்க்கின் முன்பக்கத்தைத் தொடாமல் கீழ்ப்பட்டி, மேல்பட்டி என்று தலைக்குப் பின்னாலிருந்து எடுங்கள். ஒவ்வொரு படிக்கும் இடையில் கையைச் சுத்தம் செய்யுங்கள். இன்னொருவர் பக்கத்தில் நின்று வரிசையைச் சொல்லிக்கொண்டே இருந்தால் தவறு குறையும். தாடி இருந்தால் N95 முகத்தோடு ஒட்டாது. இடுக்கு வழியே காற்று போகும்.

ஸ்ட்ரெச்சரைத் தூக்க உதவிய டிரைவர் அதே கையுறையோடு ஸ்டியரிங்கைப் பிடிப்பதைப் பார்க்கலாம். கையுறையும் கவுனும் கழற்றி, கை சுத்தம் செய்து, மாஸ்க்கை மட்டும் விட்டுவைத்து அவர் சீட்டில் ஏற வேண்டும்.

ஏசியை உள்காற்றே சுற்றும்படி வைக்காதீர்கள். வெளிக்காற்று முன்னால் வந்து, பின்பக்க எக்ஸாஸ்ட் ஃபேன் வழியே போகட்டும். ஓடும் வண்டிக்குள் நெபுலைசர் (மருந்தைப் புகைபோல மாற்றி மூச்சில் கொடுக்கும் கருவி) போட்டால் நோயாளியின் மூச்சும் அந்தப் புகையோடு பெட்டி முழுக்கப் பரவும். முடிந்தவரை ஸ்பேசர் (இன்ஹேலரின் முனையில் மாட்டும் குழாய்) வைத்து இன்ஹேலர் கொடுங்கள்.

அழுக்கின் மேலேயே ப்ளீச் தெளிப்பது வீண். முதலில் சோப்புநீரில் துடையுங்கள். ப்ளீச் திரவமான 5% ஹைப்போகுளோரைட் 1 பங்குக்குத் தண்ணீர் 4 பங்கு சேர்த்தால் 1% கரைசல். அன்றன்றைக்குக் கலந்து, துணியில் நனைத்துத் துடைத்து, 10 நிமிடம் ஈரமாக விடுங்கள். ஆசிட்டோடு கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும். மானிட்டருக்கு 70% ஆல்கஹால். துடைக்க விட்டுப்போகிறவை பெரும்பாலும் பெல்ட் பக்கிள், பிபி கஃப், ஆக்சிஜன் சிலிண்டர் சாவி, குழுவின் செல்போன்.