மெயில் அனுப்ப இரண்டு சர்வர்: டிஎன்எஸ்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிண்டியிலோ பெருங்குடியிலோ உள்ள சின்ன அலுவலகத்தில் மெயில் அனுப்பும் சர்வர் ஒரு முறை படுத்துவிட்டால் போதும், சீக்கிரமே இரண்டாவது சர்வர் வந்துவிடும். உடனே டிஎன்எஸ்ஸில் (பெயரைக் கேட்டால் சர்வரின் ஐபி முகவரியைச் சொல்லும் இணைய அட்டவணை) டொமைனுக்கு எம்எக்ஸ் ரெக்கார்டு (மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்ற குறிப்பு) போட்டு, ஒன்றுக்கு 10, மற்றதற்கு 20 என்று முன்னுரிமை எண் (சின்ன எண்ணுக்கே முதலிடம்) கொடுத்துவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள்.

அந்த எம்எக்ஸ், உள்ளே வரும் மெயிலுக்கானது. அவுட்லுக், பில் அனுப்பும் மென்பொருள், மூலையில் கிடக்கும் ஸ்கேனர் எதுவும் அதைப் பார்ப்பதில்லை. செட்டிங்கில் உள்ள சர்வர் பெயருக்கு ஏ ரெக்கார்டை, அதாவது அந்தப் பெயருக்குரிய ஐபியைக் கேட்டு, கிடைத்த ஐபிக்குப் போகும், அவ்வளவுதான்.

சரி, அந்தப் பெயருக்கே இரண்டு ஏ ரெக்கார்டு போடலாமா? சுமை ஓரளவு பிரியும். ஆனால் ஒரு சர்வர் செத்துக் கிடந்தாலும் அதன் ஐபியை டிஎன்எஸ் கூசாமல் கொடுத்துக்கொண்டிருக்கும். முதல் ஐபி எடுக்காவிட்டால் அடுத்ததை முயல்வது அந்தந்த மென்பொருளின் நல்ல குணம்; பழைய ஸ்கேனரிடம் அதை எதிர்பார்க்காதீர்கள். டிடிஎல்லை (டிஎன்எஸ் தந்த பதிலை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்ற அளவு) 60 வினாடிக்குக் குறைத்தாலும், நிறுத்தாமல் ஓடும் சில புரோகிராம்கள் முதலில் வாங்கிய ஐபியை விடாது.

எம்எக்ஸ் நிஜமாகவே உதவும் இடம் ஒன்று உண்டு. அலுவலகத்துக்குள் ஒரு போஸ்ட்ஃபிக்ஸ் (மெயில் சர்வர் மென்பொருள்) வைத்து, ஸ்கேனர் முதல் எல்லாவற்றையும் அதனிடம் கொடுக்கச் சொல்லுங்கள். ரிலேஹோஸ்டுக்கென்று (போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை ஒப்படைக்கும் வெளி சர்வர்) தனிப் பெயர் வைத்து, அதற்கு ஒரே எண்ணில் இரண்டு எம்எக்ஸ் போட்டால் சுமையும் பிரியும், ஒன்று விழுந்தால் மெயில் தானாகவே மற்றதற்குப் போகும். இதில் பலர் சறுக்குவது சதுர அடைப்புக்குறியில், அதாவது [ ] குறியில். இணைய உதாரணங்களைப் பார்த்து ரிலேஹோஸ்ட் பெயரை அதற்குள் எழுதிவிடுகிறார்கள். அடைப்புக்குறி இருந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் எம்எக்ஸைத் தேடவே தேடாது.

அப்புறம், இரண்டாவது சர்வரின் ஐபி எஸ்பிஎஃப்பில் (உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்பலாம் என்று அனுமதித்த ஐபிகளின் பட்டியல்) இருக்கிறதா, அதற்கு பிடிஆர் (ஐபியைக் கேட்டால் பெயரைச் சொல்லும் ரெக்கார்டு) இருக்கிறதா? 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இவற்றில் கறாராக இருக்கிறது. சும்மா கிடந்த ஐபியிலிருந்து திடீரென்று மெயில் கொட்டினாலும் சந்தேகம்தான். அதனால்தான் 10, 20 என்று பிரிக்காமல், இரண்டையும் தினமும் ஓடவிடச் சொல்வேன்.

இரண்டும் ஒரே கட்டடத்தில் வேண்டாம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை.

விழுந்த சர்வர் ஏற்கெனவே வாங்கிக்கொண்ட மெயிலை எந்த டிஎன்எஸ்ஸாலும் மீட்க முடியாது. அது அதன் டிஸ்க்கிலேயே கிடக்கும். அவசரப்பட்டு எல்லாவற்றையும் மறுபடி அனுப்பினால், சர்வர் எழுந்ததும் வாடிக்கையாளருக்கு ஒரே பில் இரண்டு முறை போகும்.