ஃபோர்ட்ரானில் தலைப்பு வரிகள் உள்ள தரவுக் கோப்பை வாசிக்கும் முறை

ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் 1958 மார்ச் முதல் அளக்கப்பட்டுவரும் கரியமில வாயுவின் மாதச் சராசரிகளை அமெரிக்காவின் நோவா அமைப்பு ஓர் உரைக்கோப்பாக வெளியிடுகிறது. அதன் தொடக்கத்தில் நீண்ட விளக்கக் குறிப்புகள் உள்ளன. அவற்றின் ஒவ்வொரு வரியும் # குறியில் தொடங்குகிறது. அதற்குக் கீழே ஆண்டு, மாதம், தசம ஆண்டு, சராசரி என்ற வரிசையில் எண்கள் வருகின்றன. இக்கோப்பையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கட்டளைச் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். நிரலில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே எழுத வேண்டும்.

தலைப்பு எத்தனை வரி என்பது உறுதியாகத் தெரிந்தால், மாறி எதுவும் தராமல் ரீட் (அலகு, *) என்ற வெற்றுக் கட்டளையை (அலகு என்பது திறந்த கோப்பைக் குறிக்கும் எண்) அத்தனை முறை இயக்கினால் போதும். ஒவ்வொரு முறையும் ஒரு வரி கழியும். பலர் இங்கே ஒரு எழுத்து மாறியையும் சேர்த்து வாசிக்கிறார்கள். அது ஆபத்தானது. நட்சத்திரக் குறியுடன் மாறியும் இருந்தால், ஏதேனும் ஒரு மதிப்பு கிடைக்கும்வரை ஃபோர்ட்ரான் வெற்று வரிகளைத் தாண்டிச் சென்றுவிடும். ஆகவே தலைப்பின் நடுவே ஒரு வெற்று வரி இருந்தாலே கணக்கு தவறி, முதல் தரவு வரி எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் காணாமல் போகும்.

குறிப்புகளை வெளியிடுவோர் திருத்தினால் வரிகளின் எண்ணிக்கையும் மாறும் என்பதால், பிறர் தரும் கோப்புகளில் தலைப்பு வரிகளை எண்ணுவதையே நான் தவிர்க்கிறேன். ஒவ்வொரு வரியையும் முதலில் முழுச் சரமாக வாங்கி, அது என்ன வகை என்று பார்த்த பிறகு, அந்தச் சரத்திலிருந்தே எண்களை வாசிப்பது நம்பகமான வழி. சரத்திலிருந்து வாசிக்கும் வசதி ஃபோர்ட்ரான் 77 காலத்திலிருந்தே இருக்கிறது.

டூ
  ரீட் (அலகு, '(ஏ)', ஐஓஸ்டாட்=கோப்புநிலை) வரி
  இஃப் (கோப்புநிலை /= 0) எக்ஸிட்
  வரி = அட்ஜஸ்ட்எல்(வரி)
  இஃப் (லென்_ட்ரிம்(வரி) == 0) சைக்கிள்
  இஃப் (வரி(1:1) == '#') சைக்கிள்
  ரீட் (வரி, *, ஐஓஸ்டாட்=வரிநிலை) ஆண்டு, மாதம், தசமம், சராசரி
  இஃப் (வரிநிலை /= 0) சைக்கிள்
  எண்ணிக்கை = எண்ணிக்கை + 1
எண்ட் டூ

வரி என்ற மாறிக்கு 512 எழுத்துகள் ஒதுக்குங்கள். நீளம் போதாவிட்டால் எஞ்சிய பகுதி சத்தமின்றி வெட்டப்படும். வாசிப்பு வெற்றியா (பூச்சியம்) இல்லையா என்று ஐஓஸ்டாட் தரும் நிலையைக் காட்ட இரண்டு தனி மாறிகள் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. வரியில் தேவையானதைவிடக் குறைவான எண்களே இருந்தால் சரத்தின் முடிவு என்ற பொருளில் வரிநிலை எதிர்மறையாகும். அதைக் கோப்பின் முடிவாகக் கருதிவிடக் கூடாது. கோப்பிலிருந்து நேரடியாக வாசித்திருந்தால் விடுபட்ட எண்ணை ஃபோர்ட்ரான் அடுத்த வரியிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கும், பிழையும் காட்டியிருக்காது. வாசிக்க முடியாத வரியை வெறுமனே தாண்டாமல் திரையில் அச்சிடுவது நல்லது. அலகு எண்ணை நாமே தேர்ந்தெடுக்காமல், 2008 தரநிலையில் வந்த நியூயூனிட் வழியாக ஓப்பன் கட்டளையிடமே விட்டுவிடலாம்.

வளிமண்டல ஆய்வில் புழங்கும் ஐகார்ட் வடிவக் கோப்புகளில் தலைப்பு வரிகளின் எண்ணிக்கை முதல் வரியிலேயே தரப்பட்டிருக்கும். அந்த எண்ணிக்கையில் முதல் வரியும் அடங்கும். எனவே அதை வாசித்த பின் தாண்ட வேண்டியவை அதைவிட ஒன்று குறைவு.

தேதியைச் சாய்கோட்டுடன் எழுதிய கோப்புகளிலும் கவனம் தேவை. நட்சத்திர வாசிப்பில் சாய்கோடு வந்தவுடன் வாசிப்பு முடிந்துவிடும். மீதமுள்ள மாறிகள் பழைய மதிப்பையே வைத்திருக்க, நிலையோ பூச்சியம் என்றே வரும். வாசிப்பதற்கு முன் சாய்கோடுகளை இடைவெளியாக மாற்றிவிட்டால் சிக்கல் தீரும்.

நாசாவின் கிஸ் நிறுவனம் தரும் உலக வெப்பநிலைக் கோப்பிலும் இதே உத்தி உதவுகிறது. காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட அக்கோப்பில் முதல் வரி தலைப்பு, இரண்டாவது நெடுவரிசைப் பெயர்கள், பிறகு 1880 முதல் தரவு. 1879 டிசம்பர் மதிப்பு இல்லாததால், 1880இன் டிசம்பர்–பிப்ரவரி சராசரிக்குரிய இடத்தில் மூன்று நட்சத்திரங்கள் நிற்கின்றன. அவற்றை எண்ணாக வாசித்தால் பிழை வரும். சரத்தில் ஒரு சொல் எங்கே வருகிறது என்று சொல்லும் இன்டெக்ஸ் சார்பால் அவ்விடத்தைக் கண்டுபிடித்து, அதே மூன்று எழுத்துகளில் -99 என்று எழுதிவிட்டால் வரியின் நீளம்கூட மாறாது. ஒரே வரியில் அது பலமுறை வரக்கூடும் என்பதால், இன்டெக்ஸ் பூச்சியம் தரும்வரை இந்த மாற்றத்தைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.